பாட்டுக்குள் ஒரு கையெழுத்து: தீட்சிதரைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் அக்கா ஊர் ஊத்தங்கரைப் பக்கம். ஊரெல்லையில் வேடியப்பன் கோயில் ஒன்று இருக்கிறது. கோபுரம், மதில் என்று எதுவும் கிடையாது. புளியமரத்தடியில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த ஒரு பலகைக் கல். அதில் வில்லும் கத்தியுமாக ஒருவன் நிற்கிறான். நடுகல். மந்தையை மீட்கப் போய் உயிரை விட்டவனுக்காக ஊர் நட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். சிலவற்றில் வட்டெழுத்தில் நாலைந்து வரி இருக்கும். எழுதியிருப்பது ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும் என்பார்கள் படிக்கத் தெரிந்தவர்கள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு உயிர் விட்டான். இந்த வரிசை மனசில் பதிந்துவிட்டால், எழுத்து தேய்ந்த கல்லில்கூட எங்கே எதைத் தேடுவது என்று தெரிந்துவிடும்.

முத்துஸ்வாமி தீட்சிதரின் பாட்டும் அப்படிப்பட்ட கல்தான். சம்ஸ்கிருதம் தெரியாது, ராகம் பிடிபடாது என்று பலர் அவர் பக்கமே போவதில்லை. ஆனால் எந்த ஊர், எந்தச் சாமி, என்ன ராகம், யார் பாடியது என்று நாலு விஷயத்தை அவர் பாட்டுக்குள்ளேயே செதுக்கி வைத்திருக்கிறார். தேடத் தெரிந்தால் போதும்.

இதை நான் விளக்கவேண்டி வந்தது அக்கா மகளால். ஒன்பதாவது படிக்கிறாள், கிருஷ்ணகிரியில் ஒரு டீச்சரிடம் சனி, ஞாயிறு பாட்டு கற்றுக்கொள்கிறாள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் என் போனில் ஓடிய பாட்டைக் கேட்டுவிட்டு, “இது யாரு பாட்டு மாமா?” என்றாள்.

“தீட்சிதர்.”

“எப்படிச் சொல்றீங்க? பேரு போட்டிருக்கா?”

“பாட்டுக்குள்ளேயே போட்டிருக்கு.”

நம்பவில்லை. ஊத்தங்கரையில் தொடங்கிய பேச்சு சிங்காரப்பேட்டை, செங்கம் தாண்டி, மலை கண்ணில் படுகிற வரைக்கும் ஓடியது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் வித்வான் இல்லை. ஆலாபனை செய்யச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவேன். இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான்.

ஆள் யார்?

கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் என்று சொல்கிறோமே, அந்த மூன்று பேருமே திருவாரூரில் பிறந்தவர்கள். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, தீட்சிதர் 1775. அப்பா ராமஸ்வாமி தீட்சிதரும் பெரிய வாக்கேயக்காரர். வாக்கேயக்காரர் என்றால் சொல்லையும் மெட்டையும் தானே கட்டுகிறவர். சினிமாவில் பாட்டெழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் இன்னொருவர் என்று இருப்பது போல் இங்கே கிடையாது. வைத்தீஸ்வரன்கோயிலில் வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதால் அங்குள்ள முருகனான முத்துக்குமாரசாமியின் பெயரை வைத்தார்கள்.

ஹம்ஸத்வனி என்ற ராகத்தை உண்டாக்கியவர் இந்த ராமஸ்வாமி தீட்சிதர்தான். அந்த ராகத்தில் மகன் பாடியதுதான் ‘வாதாபி கணபதிம்’. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் நாகஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துவிட்டு முதலில் எடுக்கிற பாட்டு பெரும்பாலும் இதுதான். பந்தியில் சாம்பார் கேட்டபடியே ஆயிரம் பேர் கேட்டிருப்போம். அப்பா மண்ணைப் பதப்படுத்திக் கொடுக்க, பிள்ளை அதில் விதைத்த பாட்டு அது.

குடும்பம் பிறகு சென்னைக்குப் பக்கத்து மணலிக்கு, அங்கிருந்த முதலியார் ஆதரவில் குடியேறியது. சிதம்பரநாத யோகி என்ற துறவி இளைஞரான முத்துஸ்வாமியைக் காசிக்கு அழைத்துப்போனார். சில வருஷம் அங்கே. வடநாட்டு இசையை அவர் காதாரக் கேட்டது அப்போதுதான். அவர் பாட்டுகள் அவசரப்படாமல் ஒவ்வொரு சுரத்தையும் வருடிக்கொண்டு நகர்வதற்கு அந்த இசையும், அவர் கையில் இருந்த வீணையும் காரணம் என்று சொல்வார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

காசியிலிருந்து திரும்பிய பின் திருத்தணிக்குப் போனார். அங்கே ஒரு கிழவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார், அது முருகனே என்பது கர்ண பரம்பரைக் கதை. அந்த இனிப்போடு வந்த முதல் பாட்டு ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ ஜயதி’. ராகம் மாயாமாளவகௌளை. இதைச் சொன்னதும் அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எங்க சரளி வரிசை ராகமா?” அதேதான். குழந்தைகள் ச ரி க ம கற்கிற ராகத்தில் அவர் முதல் பாட்டு.

‘குருகுஹ’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். குகன் என்றால் முருகன். குருவாக வந்த குகன். அன்றிலிருந்து எந்தச் சாமியைப் பாடினாலும் அந்தச் சொல்லை எங்காவது ஓரிடத்தில் வைத்துவிடுவார். இதற்குத்தான் முத்திரை என்று பெயர். தியாகராஜர் தன் பெயரையே வைப்பார். சியாமா சாஸ்திரிக்கு ‘சியாமகிருஷ்ண’. ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிற வீடுகளில் நன்றாகத் தெரிந்த புரந்தரதாசருக்கு ‘புரந்தர விட்டல’. பாபநாசம் சிவனுக்கு ‘ராமதாசன்’.

திருவண்ணாமலைப் பாட்டைப் பிரித்துப் பார்ப்போம்

பஸ்ஸில் ஓடிய பாட்டு ‘அருணாசலநாதம்’. பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் தீட்சிதர் ஒவ்வொரு பாட்டுப் பாடியிருக்கிறார். காஞ்சிக்குப் பைரவியில் ‘சிந்தய மாகந்த மூலகந்தம்’. மாகந்தம் என்றால் மாமரம், ஏகாம்பரநாதர் மாவடியில் இருப்பவர் ஆயிற்றே. மாங்காய் மண்டிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்த முதல் வரி போதும். திருவானைக்காவுக்கு யமுனாகல்யாணி, காளஹஸ்திக்கு உசேனி, சிதம்பரத்துக்குக் கேதாரம். அக்னித் தலமான அண்ணாமலைக்குச் சாரங்கா.

கிருதி என்று சொல்லப்படும் இந்தப் பாட்டு வகைக்குப் பொதுவாக மூன்று பாகம். பல்லவி, அனுபல்லவி, சரணம். தமிழிசைக்காரர்கள் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்பார்கள். அந்தச் சொற்களிலேயே வேலை விளங்கிவிடுகிறது. எடுத்ததைத் தொடுத்து முடிப்பது.

எடுப்பு: ‘அருணாசலநாதம் ஸ்மராமி அநிசம் அபீதகுசாம்பா ஸமேதம்’. அருணாசல நாதனை எப்போதும் நினைக்கிறேன், அபீதகுசாம்பாளோடு சேர்ந்தவனை. அபீதகுசாம்பாள் யார்? உண்ணாமுலையம்மன். தமிழ்ப் பெயரை அப்படியே சம்ஸ்கிருதத்தில் சொல்லியிருக்கிறார். ஊர் கிடைத்துவிட்டது, சாமியும் அம்மனும் கிடைத்துவிட்டார்கள்.

‘ஸ்மராமி’, நினைக்கிறேன், என்ற சொல்லை ஏன் போட்டார்? கும்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாமே? திருவாரூரில் பிறக்க முக்தி, காசியில் இறக்க முக்தி, அண்ணாமலையை நினைக்க முக்தி என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். தொடுப்பு அங்கிருந்தே தொடங்குகிறது: ‘ஸ்மரணாத் கைவல்யப்ரத சரணாரவிந்தம்’. நினைத்த அளவில் முக்தி தரும் பாதத் தாமரை. தலபுராணமே ஒரு வரிக்குள் வந்துவிட்டது. இதில் எனக்கு ஒரு தனி ரசனை உண்டு. திருவாரூரில் பிறந்து காசியில் வாழ்ந்துவிட்டு வந்தவர் அண்ணாமலையை நினைக்கிறார். மூன்று ஊரும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டன.

இப்போது அர்த்தத்தை விட்டுவிட்டு ஓசையை மட்டும் கேளுங்கள். அருணா, ஸ்மரணா, தருணா, கருணா, சரணா. ஒவ்வொரு துண்டும் ‘ரணா’, ‘ருணா’ என்று ஒரே இடத்தில் ஒலிக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழில் எதுகை என்று படித்தோமே, அதுதான். சங்கீதக்காரர்கள் பிராசம் என்பார்கள். சரணத்துக்கு வந்தால் வரி முடிவுகள் எல்லாம் லிங்கம், சாரங்கம், ப்ருங்கம், துரங்கம், ப்ரசங்கம், கங்கம். இது இயைபு. ஒரு சொல்லும் புரியாதவன் காதுகூட, வரி எங்கே முடிகிறது என்று கண்டுகொள்ளும். தாளம் போடத் தெரியாமல் நான் இத்தனை வருஷம் இந்தப் பாட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பது இந்த இயைபைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்த இயைபுக்குள்தான் ராகத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது. ‘அத்யத்புத கரத்ருத ஸாரங்கம்’. ஆச்சரியமான விதத்தில் கையில் சாரங்கத்தை ஏந்தியவன். சாரங்கம் என்றால் மான். சிவன் கையில் மானும் மழுவும் இருப்பது தெரிந்ததுதான். அந்த மானே ராகத்தின் பெயரும். இதற்கு ராக முத்திரை என்று பெயர். வேறு யாராவது இதைச் செய்தால் வலிந்து ஒட்டியது தெரியும். இவர் கையில் மான் மானாகவே நிற்கிறது, பெயரும் சொல்லிவிடுகிறது. கொஞ்சம் தள்ளி ‘வீர குருகுஹ தார ப்ரஸங்கம்’ என்று கையெழுத்து. முடிவில் சந்திரன், சூரியன், அக்னி ஆகியோரின் ஒளியையும் வென்ற சுயம்பிரகாசம் என்று தீபத்து மலைக்கு ஏற்ற முடிப்பு.

“மான் எங்க வருது, திரும்பப் போடுங்க மாமா” என்றாள். மூன்று முறை போட்டேன். நாலாவது முறை, பாடகர் அந்த இடத்துக்கு வரும் முன்பே விரலைத் தூக்கிவிட்டாள்.

ராக முத்திரை எல்லாப் பாட்டிலும் இருக்காது. இருக்கிற இடங்களில் அழகு. ‘வாதாபி’யின் கடைசியில் ‘ஹராதி குருகுஹ தோஷித பிம்பம், ஹம்ஸத்வனி பூஷித ஹேரம்பம்’ என்று கையெழுத்தும் ராகமும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருக்கும். அடுத்த கல்யாணத்தில் யாராவது வாயால் பாடினால் காது கொடுத்துப் பாருங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. மெதுவாக நடந்துகொண்டிருக்கும் பாட்டு, ஏதோ ஓரிடத்தில் திடீரென்று இரண்டு மடங்கு வேகத்தில் சொற்களைக் கொட்டும். மத்தியமகால சாகித்தியம் என்று பெயர். தாளம் மாறுவதில்லை, சொல்தான் நெருங்குகிறது. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் விருத்தத்தை நீட்டிப் பாடிக்கொண்டிருந்த கர்ணன், சட்டென்று அடவுக்கு மாறும்போது தூங்கியவர்கள் எழுந்து உட்காருவார்களே, அந்தச் சுகம்.

கம்பெனி பாண்டும் பாராமகாலும்

கர்நாடக இசையே புதிது என்பவர்களுக்கு அவரிடம் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. மணலியில் இருந்த காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாண்டு வாசிப்பதைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர். 40-ஐ ஒட்டி இருக்கின்றன. மேல்நாட்டு மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தோடு பொருந்துவதால் எல்லாம் அந்தக் குடும்பத்துச் சாயல். ‘சியாமளே மீனாட்சி’யைக் கேட்டால் எல்.கே.ஜி. பிள்ளை கூடவே ட்விங்கிள் ட்விங்கிள் பாடும். ‘ஸந்ததம் பாஹிமாம்’, அந்தக் கால இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டு. ராஜாவை வாழ்த்துகிற மெட்டில் அம்பாளை உட்கார வைத்துவிட்டார் மனுஷன். கமகம் என்கிற அசைவு இவற்றில் கிட்டத்தட்ட இல்லை என்பதால் குழந்தைகள் இரண்டே நாளில் பாடிவிடுவார்கள்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமை, கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் தலைமையில் நிலத்தை அளக்க வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ; தருமபுரியில் சில வருஷம் குடியிருந்தவர். பிற்பாடு சென்னை கவர்னர். நம் தாத்தாவுக்குத் தாத்தாக்களின் கொல்லைமேட்டைச் சங்கிலி போட்டு அளந்த அதே கம்பெனியின் பாண்டுதான் கோட்டையில் வாசித்துக்கொண்டிருந்தது. 1792-இல் தீட்சிதருக்குப் பதினேழு வயது.

பிடில் நம் கச்சேரிக்குள் வந்ததும் இந்த வீட்டு வழியாகத்தான். தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் அந்த மேல்நாட்டு வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு, கர்நாடக இசைக்குப் பழக்கிக் காட்டினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி ஏது?

வேற்றுமை உருபில் ஒரு மாலை

சுமார் 450 பாட்டுக்கு மேல் அவர் பெயரில் கிடைக்கின்றன. தனித்தனியாகப் பாடியதைவிடத் தொகுப்பாகக் கட்டுவதில் அவருக்கு ஆர்வம் அதிகம் என்று தோன்றும். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிரகங்களுக்கும் ஏழு பாட்டு, அவற்றை சூளாதி என்று சொல்லும் ஏழு அடிப்படைத் தாளங்களில் என்று ஒன்று. திருவாரூர் கமலாம்பாளுக்குப் பாடிய நவாவரணம்தான் மகுடம். அம்பாள் வழிபாட்டுக்கான ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணத்துக்கு, அதாவது சுற்றுக்கு, ஒன்பது, முன்னால் ஒரு தியானப் பாட்டு, பின்னால் ஒரு மங்களம், ஆக 11.

இதற்குள் ஒரு இலக்கண விளையாட்டு இருக்கிறது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று வேற்றுமை உருபு மனப்பாடம் செய்தோமே, சம்ஸ்கிருதத்திலும் எட்டு வேற்றுமை. முதல் பாட்டில் ‘கமலாம்பா காக்கட்டும்’, இரண்டாவதில் ‘கமலாம்பாளை வழிபடு’, மூன்றாவதில் ‘கமலாம்பாளால் கடாட்சிக்கப்பட்டேன்’ என்று வரிசையாக எட்டு. ஒன்பதாவது, ஆஹிரி ராகப் பாட்டில், எல்லா வேற்றுமையும் கலந்து வரும். தமிழ் வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார்.

மொழியைப் பொறுத்தவரை ஏறக்குறைய எல்லாமே சம்ஸ்கிருதம். ஆனால் ஸ்ரீராகத்தில் ‘ஸ்ரீ அபயாம்பா’ என்றொரு பாட்டு, சம்ஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் கலந்து பாடியது. மணிப்பிரவாளம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றவர்களுக்கு, ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷை வருவது புதிதாகவா இருக்கும்?

எட்டயபுரத்துப் பாதையில்

வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் வறுமை உண்டு, ஊர் ஊராக நடந்ததும் உண்டு. தஞ்சாவூர் நால்வர் என்று நாட்டியக்காரர்கள் கொண்டாடும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு அவரிடம் கற்றவர்கள். எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்த தம்பியைப் பார்க்கப் போகும் வழியில் வறண்ட நிலத்தையும் வாடிய ஜனங்களையும் கண்டு, அம்ருதவர்ஷிணி ராகத்தில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ பாடினார், ‘வர்ஷய வர்ஷய வர்ஷய’ என்ற இடத்தில் மழை கொட்டியது என்பது கதை. பெய், பெய், பெய் என்று மூன்று தடவை. ராகத்தின் பெயர் பாட்டிலேயே இருக்கிறது, கவனித்தீர்களா? கதையை நம்புவது உங்கள் விருப்பம். மழைக்காக ஒப்பாரி வைத்துக் கொடும்பாவி இழுத்த ஊர்க்காரன் நான், சிரிக்க மாட்டேன்.

1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார். சிஷ்யர்கள் ‘மீனாட்சி மே முதம் தேஹி’ பாடிக்கொண்டிருந்தார்கள், ‘மீனலோசனி பாசமோசனி’ என்ற வரியில் உயிர் பிரிந்தது என்பார்கள். பாசத்தை அறுப்பவளே என்று அர்த்தம். இன்று நாம் பூர்விகல்யாணி என்று சொல்லும் அந்த ராகத்துக்கு அவர் மரபில் கமகக்ரியா என்று பெயர். ‘வீணாகான தச கமக க்ரியே’ என்று அந்தப் பாட்டிலும் ராகம் பதுங்கியிருக்கிறது, வீணையோடு சேர்ந்து.

பாட்டுகள் நம் கைக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் அந்தக் குடும்பத்து சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. தெலுங்கு எழுத்தில், சுரக்குறிப்போடு, கமகக் குறிகளோடு, 200-க்கும் மேற்பட்ட தீட்சிதர் பாட்டுகள் அதில் உண்டு. பிற்பாடு வெளிவந்த சில பாட்டுகளில் ‘குருகுஹ’ இருந்தாலும் அவருடையதுதானா என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். அந்த ஏழு கிரகப் பாட்டோடு சேர்த்துப் பாடும் ராகு, கேது பாட்டுகளே அந்தச் சர்ச்சையில் உண்டு. கையெழுத்தை வேறொருவர் போடவும் முடியும் அல்லவா? நடுகல்லிலும் பழைய கல்லில் பிற்காலத்தவர் எழுதுவதுண்டு.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், ஒரு வாரம் நோட்டுஸ்வரம். பிறகு ‘வாதாபி’. அப்புறம் நீங்கள் போய்வந்த ஊரின் பாட்டு ஏதாவது. அவர் கால் படாத பெரிய கோயில் குறைவு என்பதால் கட்டாயம் கிடைக்கும். கமலாம்பாளுக்கு அவசரப்படவேண்டாம். வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை ஊரைத் தேடுங்கள், அடுத்த தடவை குருகுஹனை, அதற்கடுத்து ராகத்தை. ராகம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், இல்லாமலும் இருக்கும்.

அக்கா மகள் இப்போது கேட்கிற பாட்டிலெல்லாம் கையெழுத்துத் தேடிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். டீச்சர் ‘குறையொன்றுமில்லை’ சொல்லிக்கொடுக்கிறாராம். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த நம் ராஜாஜி எழுதிய பாட்டு.

“குறை, மறைன்னு எதுகை இருக்கு மாமா. மலையப்பான்னு வருது, அப்ப திருப்பதி. ஆனா எழுதினவர் பேரு எங்கயுமே இல்லியே?”

“நல்லாப் பாத்தியா?”

“ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

“போடலை.”

“ஏன் போடலை?” என்றாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.